வியன்னாவில் குளிர்காலம்: ஊரிலிருந்து வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

வியன்னாவில் எனக்கு இது எட்டாவது குளிர்காலம். அக்டோபர் பிறந்ததுமே திருநெல்வேலியிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஃபோன் வர ஆரம்பித்துவிடும். அத்தை மகள், கல்லூரித் தோழிகள், தோழியின் மாமனார், மேற்படிப்புக்கு வரும் பிள்ளைகள் என்று ஆள்தான் மாறும், சந்தேகம் மாறாது. அவர்கள் கேட்டதைக் கேட்ட வார்த்தையிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"மைனஸ்ல எல்லாம் போகுமாமே, நமக்குத் தாங்குமா?"

தாங்கும். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை பகலில் பெரும்பாலும் 2 முதல் 6 டிகிரி, இரவில் பூஜ்யத்தை ஒட்டியோ சற்றுக் கீழேயோ இருக்கும். மைனஸ் 10 வரை இறங்கும் நாட்களும் உண்டு, ஆனால் அவை குறைவு. இங்கே நீங்கள் பயப்பட வேண்டியது காற்றுக்கு. வியன்னா நல்ல காற்றடிக்கும் ஊர். காற்றில்லாத மைனஸ் 3 டிகிரியில் ஒரு மணி நேரம் நடந்துவிடலாம். காற்றோடு வரும் 3 டிகிரியில் பத்து நிமிடத்தில் காது வலிக்கும். கைப்பேசியில் வானிலை பார்க்கும்போது டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும் காற்று வேகத்தையும் பாருங்கள்.

விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவைத் தாண்டி இழுக்கும் முதல் மூச்சு, மூக்குக்குள் கற்பூரத்தை வைத்த மாதிரி இருக்கும். பேசினால் வாயிலிருந்து புகை வரும். இரண்டு நாளில் அது பழகிவிடும். நம் ஆட்களை உண்மையில் அசைத்துப் பார்ப்பது குளிரைவிட இருட்டுதான். யாரும் அதற்குத் தயாராகி வருவதில்லை.

"நாலு மணிக்கே இருட்டிருமாமே? நிஜமாவா?"

நிஜம்தான். டிசம்பர் நடுவில் சூரியன் காலை 7.40 வாக்கில் உதித்து மாலை 4 மணிக்கு மறைந்துவிடும். பகல் மொத்தமே எட்டரை மணி நேரத்துக்கும் குறைவு. சென்னையில் வருஷத்தின் மிகக் குறுகிய பகல்கூட பதினொரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அதனால் நம் உடம்பு இருட்டைப் பார்த்ததும் "நாள் முடிந்தது, வீட்டுக்குப் போ" என்று சொல்லும். மணி ஐந்துதான் ஆகியிருக்கும்.

என் முதல் டிசம்பரில் பதினொரு மணிக்குச் சாப்பிட்டுக் கிளம்பி, ஒரு அரண்மனைத் தோட்டத்தைப் பாதி சுற்றுவதற்குள் விளக்கு போட்டுவிட்டார்கள். அன்றைக்கு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். காலை ஒன்பதுக்கு வெளியே இருக்க வேண்டும். வெளிச்சம் தேவைப்படுகிற இடமெல்லாம் மதியத்துக்குள்: ஷோன்ப்ருன் அரண்மனைத் தோட்டம், பெல்வெடேர் அரண்மனை, நடுநகரத்தைச் சுற்றும் ரிங் சாலையில் நடை. மூன்றரை மணிக்கு உயரமான ஓர் இடம். ஷோன்ப்ருன் மேட்டில் 1775-இல் கட்டிய குளோரியெட் மண்டபத்தின் முன்னால் நின்றால், வானம் நீலமாகிக் கறுக்கும்போது கீழே நகரத்தில் விளக்குகள் ஒவ்வொன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். கார்த்திகை தீபத்தன்று மாடியில் நின்று தெருவைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் காட்சி தனியாகப் பிடிக்கும். அதன் பிறகுதான் அருங்காட்சியகம், காபி, சந்தை, இசை. இந்த ஊரின் பாதிச் செல்வம் கூரைக்குக் கீழேதான் இருக்கிறது, அதற்கு இருட்டு ஒரு தடையே இல்லை.

"எத்தனை ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணும்?"

ஒன்று போதும். ஒரே தடி ஸ்வெட்டரைவிட வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகப் போடுவதுதான் முறை. ஜெர்மன் மொழியிலும் இதற்கு வெங்காயத்தை வைத்துத்தான் பெயர். உடம்போடு ஒட்டும் தெர்மல், அதன் மேல் சட்டை, அதன் மேல் கம்பளி, கடைசியில் காற்றும் தண்ணீரும் புகாத, இடுப்புக்குக் கீழே இறங்கும் கோட். உள்ளே பருத்தி பனியன் வேண்டாம், வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருக்கும், நின்றதும் நடுங்க வைக்கும்.

பணம் செலவழிப்பதானால் காலுக்குச் செலவழியுங்கள். தண்ணீர் புகாத, அடியில் நல்ல பிடிப்புள்ள ஷூ. கம்பளி சாக்ஸுக்கு உள்ளே இடம் வேண்டும், அதனால் அரை அளவு பெரியதாக வாங்குங்கள். இறுக்கமாக இருந்தால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் மரத்துவிடும். காதை மூடும் தொப்பி, கழுத்துக்கு மஃப்ளர், கையுறை. கோட்டை ஊரில் வாங்க வேண்டாம். இங்கே யாரிடமாவது இரவல் கிடைக்கும். இல்லையென்றால் மரியாஹில்ஃபர் தெருவில் வாங்கலாம், ஜனவரியில் தள்ளுபடி உண்டு.

"எனக்குச் சேலைதான்மா பழக்கம். சேலையில வரலாமா?"

என் அம்மா கேட்டது. தரை காய்ந்திருக்கும் நாளில் தாராளமாகக் கட்டலாம். பாவாடைக்குள் கம்பளி லெக்கிங்ஸ், முழங்கால் வரை சாக்ஸ், ரவிக்கைக்குப் பதிலாகக் கழுத்து மூடிய முழுக்கை தெர்மல், மேலே முழங்காலைத் தொடும் கோட். சேலையைக் கணுக்காலுக்கு மேல் நிற்கிற மாதிரி சற்றுத் தூக்கிக் கட்ட வேண்டும். பனி கரைந்த நாளில் வேண்டாம். தெருவில் சேறும் கரைந்த பனியும் கலந்து கிடக்கும், கரை நனைந்தால் அந்த ஈரம் முழங்கால் வரை ஏறும், காயாது. அம்மா மற்ற நாளில் சுடிதார் போட்டுக்கொண்டு, ஓப்பராவுக்கு மட்டும் காஞ்சிபுரம் பட்டு கட்டி வந்தார்கள். இடைவேளையில் இரண்டு வியன்னா பாட்டிமார் அருகில் வந்து முந்தானையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

"எப்ப வந்தா பனி பாக்கலாம்?"

தேதி சொல்ல முடியாது. வியன்னா மலைமேல் இருக்கும் ஊர் இல்லை. பனி பெய்யும், இரண்டு நாளில் கரையும், சில வருஷம் டிசம்பர் முழுக்க மழைத் தூறலோடு போய்விடும். ஜனவரி, பிப்ரவரியில் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல்.

பிள்ளைகளுக்குப் பனி காட்டியே ஆக வேண்டும் என்றால் ஒரு நாள் ரயிலேறி ஸெம்மரிங் மலைக்குப் போங்கள், ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம். பொறியாளர் கார்ல் ஃபான் கேகா வடிவமைத்து 1854-இல் திறந்த மலை ரயில் பாதை அது. கல் பாலங்களும் சுரங்கங்களுமாக ரயில் ஏறும்போது ஜன்னலை விட்டு நகர மனம் வராது. 1998-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நம் நீலகிரி மலை ரயில் அந்த மரியாதையை 2005-இல் பெற்றது. மேலே சறுக்குப் பலகை வாடகைக்குக் கிடைக்கும். அங்கும் பனி இருக்கிறதா என்று முதல் நாள் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

"மரமெல்லாம் ஏன் பட்டுப்போய் நிக்குது?"

தோழியின் மாமனார் ப்ராட்டர் பூங்காவின் நீண்ட சாலையில் நின்று கேட்டார். விவசாயி. வரிசையாக இலையில்லாத மரங்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. அவை குதிரைக் கஷ்கொட்டை மரங்கள். ஒரு தாழ்ந்த கிளையை இழுத்து நுனியைக் காட்டினேன். அடுத்த வசந்தத்துக்கான மொட்டு, பிசின் பூசி, பளபளவென்று மூடி வைத்திருந்தது. தொட்டால் விரலில் ஒட்டும். அவர் அதை வெகு நேரம் உருட்டிப் பார்த்தார்.

இன்னொன்றையும் தவறவிடாதீர்கள். நடுநகரத்தில் ஹோஃப்புர்க் அரண்மனைக்குப் பக்கத்தில் ஃபோக்ஸ்கார்ட்டன் என்ற ரோஜாத் தோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்குள்ள ரோஜாச் செடிகளுக்கெல்லாம் சாக்கு கட்டி விடுவார்கள். நூற்றுக்கணக்கான செடிகள் முக்காடு போட்டு நிற்பது போல இருக்கும். கோடையில் பூவைப் பார்க்க ஆயிரம் பேர் வருவார்கள். அந்தப் பூவை ஊர் எப்படிக் காப்பாற்றி வைக்கிறது என்பதைக் குளிர்காலத்தில் வருகிறவர்கள்தான் பார்க்க முடியும்.

"வெளிய குளிரு, உள்ள போனா வேர்க்குது. இது என்ன கூத்து?"

கட்டடங்களுக்குள் 21, 22 டிகிரி இருக்கும். அதனால்தான் அடுக்கு உடை என்று சொன்னேன், கழற்ற வசதியாக இருக்க வேண்டும். அருங்காட்சியகம், இசை அரங்கு எல்லாவற்றிலும் கோட் வைக்கத் தனி இடம் உண்டு, "கார்டரோபே" என்று எழுதியிருக்கும். உணவகத்தில் கொக்கி இருக்கும். கோட்டோடு மேசையில் உட்காருவது இங்கே பழக்கமில்லை.

வீடுகளுக்குப் போகும் வெப்பத்தின் ஒரு பகுதி குப்பையிலிருந்து வருகிறது. ஸ்பிட்டலாவ் நிலையத்தில் இறங்கினால் தங்க உருண்டை வைத்த, வண்ணத் திட்டுகளோடு ஒரு புகைபோக்கி தெரியும். நகரக் குப்பையை எரித்து வெந்நீராக்கி வீடுகளுக்கு அனுப்பும் ஆலை அது. 1987-இல் தீப்பிடித்த பிறகு, ஓவியர் ஹுண்டர்ட்வாசர் அதற்கு இந்த உருவத்தைக் கொடுத்தார். பழைய காலத்து முறையைப் பார்க்க வேண்டுமானால் ஷோன்ப்ருன் அரண்மனைக்குள் போங்கள். அறை மூலைகளில் பெரிய பீங்கான் அடுப்புகள் நிற்கும், முன்பக்கம் விறகு போட வாயே இருக்காது. சுவருக்குப் பின்னால் ஓடும் ஒடுக்கமான வழியில் நின்று வேலைக்காரர்கள் தீ மூட்டினார்கள், சாம்பல் அறைக்குள் வரக் கூடாது என்பதற்காக. தங்கப் பூச்சுச் சுவரைவிட அந்த ஒடுக்க வழியைத்தான் நான் விருந்தாளிகளுக்கு முதலில் சொல்லுவேன்.

"தோல் வெடிக்குது, மூக்குல ரத்தம் வருது, பயமா இருக்கு."

சூடாக்கிய அறைக் காற்று மிகவும் வறண்டிருக்கும், காரணம் பெரும்பாலும் அதுதான். இரவில் ஈரத் துண்டை ஹீட்டர் மேல் போடுங்கள். காலையில் ஐந்து நிமிடம் ஜன்னலை அகலத் திறந்து மூடுங்கள். குளித்து ஈரம் காயும் முன் கிரீம் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், பாட்டிலை நம்பி வராதீர்கள், அகல வாய் டப்பாவில் கொண்டு வந்தால் விரலால் எடுக்கலாம். ரத்தம் நிற்காவிட்டாலோ, வயதானவர்களுக்கு நெஞ்சில் அழுத்தம் என்றாலோ காத்திருக்க வேண்டாம்: ஆம்புலன்ஸுக்கு 144. அவசரமில்லாத உடல்நலக் கேள்விக்கு 1450.

தாகமே எடுக்காது, ஆனாலும் தண்ணீர் குடியுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். 1873-இலும் 1910-இலும் கட்டிய இரண்டு நீர்வழிகள் ஆல்ப்ஸ் மலை ஊற்றுகளிலிருந்து, சரிவின் போக்கிலேயே ஊருக்குத் தண்ணீரைக் கொண்டு வருகின்றன. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்கத் தேவையே இல்லை.

"ஒரு காபி அஞ்சு யூரோவா! அவ்வளவுக்கு என்ன இருக்கு?"

இடம் இருக்கிறது. மெலாஞ்ச் என்ற பால் நுரை காபி ஒன்று வாங்கினால் மதியம் முழுக்க உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். வெள்ளித்தட்டில் காபியோடு ஒரு டம்ளர் தண்ணீர் வரும், தீர்ந்தால் மறுபடி வைப்பார்கள். மரச்சட்டத்தில் மாட்டிய செய்தித்தாள்கள் தொங்கும். இந்தக் காபிக்கடைப் பண்பாட்டை ஆஸ்திரியா 2011-இல் தன் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. 1880-இல் தொடங்கிய கஃபே ஸ்பெர்லில் தேய்ந்த சோபாவில் உட்கார்ந்து பாருங்கள், புரியும். பெயர் பெற்ற இடங்களில் தெருவில் வரிசை நிற்கும், குளிரில் அதற்காக நிற்க வேண்டாம், அடுத்த தெருவில் இன்னொன்று இருக்கும். டிகாக்ஷன் மணம் எதிர்பார்க்காதீர்கள். மெலாஞ்ச் கப்புச்சினோவின் பங்காளி.

"கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒரு நாள் போதுமா?"

ஒரே சந்தை இல்லை, நகரம் முழுக்கப் பல. ராட்ஹவுஸ் என்ற நகர மன்றத்துக்கு முன்னால் நடப்பது பெரியது, நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் 26 வரை. வெள்ளி, சனி மாலையில் திருவிழாக் கூட்டம். நான் அழைத்துப் போவது செவ்வாய், புதனில். சூடான பானத்தைக் கண்ணாடி அல்லது பீங்கான் குவளையில் தருவார்கள், நாலைந்து யூரோ முன்பணம் சேர்த்து வாங்குவார்கள். குவளையைத் திருப்பினால் பணம் திரும்பும், வேண்டுமானால் குவளையை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். "புன்ஷ்", "க்ளூவைன்" இரண்டிலும் மது உண்டு. பிள்ளைகளுக்கும் குடிக்காதவர்களுக்கும் "கிண்டர்புன்ஷ்" என்று கேளுங்கள். ஜனவரியில் அதே இடம் பனிச்சறுக்கு அரங்காக மாறும், காலணியும் வாடகைக்குத் தருவார்கள்.

"நாங்க சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?"

இல்லை. ஆனால் கவனம் வேண்டும். "காய்கறி சூப்" என்று எழுதியிருந்தாலும் மாட்டிறைச்சி வேகவைத்த சாறாக இருக்கக்கூடும், கேட்காமல் குடிக்காதீர்கள். பொரித்தது பன்றிக் கொழுப்பிலா என்றும் கேளுங்கள். கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள். தெருவில் சுட்ட கஷ்கொட்டையும், தட்டையாகப் பொரித்த உருளைக்கிழங்கு அடையும் கிடைக்கும், அடையில் முட்டை இருக்கலாம். கஷ்கொட்டைப் பொட்டலத்தைக் கோட் பைக்குள் போட்டு, நிற்கும்போது கையை உள்ளே வைத்துக்கொண்டால் கையுறையே வேண்டாம். சமையலறை உள்ள தங்கும் இடமாகப் பாருங்கள். எந்தக் கடையிலும் நல்ல தயிர் உண்டு, நாஷ்மார்க்ட் சந்தைப் பக்கத்து ஆசியக் கடைகளில் அரிசி, பருப்பு, ஊறுகாய் கிடைக்கும்.

"ஞாயித்துக்கிழமை வந்து இறங்கினேன், ஊரே பூட்டிக் கிடந்துச்சு!"

ஞாயிறும் பொது விடுமுறையும் கடைகள் மூடியிருக்கும். தலைமை ரயில் நிலையத்திலும் ப்ராட்டர்ஸ்டெர்ன் நிலையத்திலும் உள்ள மளிகைக் கடைகள் திறந்திருக்கும். டிசம்பர் 24 மதியத்தோடு எல்லாம் அடங்கிவிடும், 25, 26 விடுமுறை. மூன்று நாளுக்கான பாலும் ரொட்டியும் 23-ஆம் தேதியே வாங்கிவிடுங்கள். 24 மாலை தெருவில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அந்த வெறுமையில் நம் ஆட்கள் கலங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே எல்லோரும் வீட்டில் கூடியிருக்கும் நேரம் அது. தனியாக வந்திருந்தால் அன்று மாலை தேவாலய இசையைக் கேட்கப் போங்கள்.

ஜனவரி 6 ஒட்டி வாசல் கதவுகளில் சாக்பீஸால் ஆண்டு எண்ணும் நடுவில் மூன்று எழுத்துகளும் எழுதியிருப்பதைக் காண்பீர்கள். மூன்று அரசர்களாக வேடமிட்ட பிள்ளைகள் வீடு வீடாகப் பாடி, காசு திரட்டி, எழுதிவிட்டுப் போகும் ஆசி அது. மார்கழியில் வாசல் பார்த்து நடந்து பழகிய கண்ணுக்கு உடனே தட்டுப்படும்.

"ஓப்பரா டிக்கெட் நூறு, இருநூறுங்கிறாங்க. ஏழைக்கு வழி உண்டா?"

உண்டு. அரசு ஓப்பராவில் நின்று பார்க்கும் இடங்கள் 20 யூரோவுக்குள் கிடைக்கும், நிகழ்ச்சி அன்றுதான் விற்பார்கள். உள்ளே போனதும் உங்கள் இடத்துக் கம்பியில் மஃப்ளரைக் கட்டிவிட்டால் அந்த இடம் உங்களுடையது, யாரும் அவிழ்க்க மாட்டார்கள். குளிர்கால மஃப்ளருக்கு இப்படியும் ஒரு வேலை. எதிரே சிறு திரையில் வரிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஓடும். 1869-இல் திறந்து, 1945-இல் குண்டு விழுந்து எரிந்து, 1955-இல் மறுபடி திறந்த அரங்கு அது. மூன்று மணி நேரம் நிற்கக் கால் தாங்காதென்றால் இடைவேளையோடு கிளம்பலாம், தவறில்லை.

"நாலு நாளா சூரியனையே காணோம். மனசே சரியில்லை, என்ன செய்ய?"

நவம்பரிலும் ஜனவரியிலும் தாழ்ந்த மேகம் மூடி போட்ட மாதிரி வாரக்கணக்கில் நிற்கும். உங்களிடம் குறை ஒன்றுமில்லை, இங்கே பிறந்தவர்களுக்கும் இப்படித்தான் இருக்கும். மூன்று வழி சொல்கிறேன். முதலாவது, ஹைலிகென்ஷ்டாட் நிலையத்திலிருந்து 38ஏ பேருந்தில் காஹ்லென்பெர்க் குன்றுக்கு ஏறுங்கள், உயரம் 484 மீட்டர். சில நாள் மேகம் அதற்குக் கீழேயே நின்றுவிடும். மேலே வெயில், கீழே ஊர் இருக்கும் இடத்தில் பஞ்சு.

இரண்டாவது, ஷோன்ப்ருன் தோட்டத்தில் 1882-இல் திறந்த பனைமர வீடு என்ற கண்ணாடி மாளிகை. வெப்ப மண்டலப் பகுதிக்குள் நுழைந்ததும் மூக்குக் கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொள்ளும். துடைத்துவிட்டு மூச்சு இழுத்தால் மழை பெய்த ஈர மண் வாசனை. ஊர் நினைப்பு முட்டும்போதெல்லாம் நான் அங்கேதான் போய் உட்காருவேன்.

மூன்றாவது, கலை வரலாற்று அருங்காட்சியகத்தில் ஓவியர் ப்ரூகலின் அறை. 1565-இல் அவர் வரைந்த "பனியில் வேட்டைக்காரர்கள்" அங்கே இருக்கிறது. ஒரே ஒரு நரியோடு களைத்துத் திரும்பும் ஆட்கள், தலை தொங்கிய நாய்கள், கீழே உறைந்த குளத்தில் விளையாடும் சிறுவர்கள். நான்கு நாள் தெருவில் நடந்து விரல் மரத்த பிறகு அதன் முன் நின்றால், அந்த நாய்களின் கால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். கோடையில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு அது கிடைக்காது. அறைக்கு நடுவே பெஞ்சு உண்டு. குளிர்காலத்தில் திங்கள் பெரும்பாலும் விடுமுறை, பார்த்துவிட்டுப் போங்கள்.

"நடைபாதையில ஏன் சுவத்துல கம்பு சாத்தி வச்சிருக்காங்க? தாண்டிப் போகலாமா?"

வேண்டாம். கூரையில் சேர்ந்த பனி மொத்தமாகச் சரிந்து விழும் என்ற எச்சரிக்கை அது. எதிர்ப் பக்கம் கடந்து போங்கள். காலை 6 முதல் இரவு 10 வரை தங்கள் வாசல் நடைபாதையைச் சுத்தமாக வைப்பது கட்டட உரிமையாளர்களின் சட்டக் கடமை. அதனால் சிறு கல்பொடி தூவியிருப்பார்கள். கல்பொடி தெரிகிற இடத்தில் கால் வையுங்கள், கறுப்பாகப் பளபளக்கும் இடத்தில் வைக்காதீர்கள், அது சட்டென்று கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. கையைக் கோட் பைக்குள் விட்டுக்கொண்டு நடக்கக் கூடாது, வழுக்கினால் ஊன்றக் கை வேண்டும். பெற்றோரைக் கைப்பிடித்து, சிறு அடி வைத்து, வாத்து நடையாக அழைத்துப் போங்கள்.

"ராத்திரி பனி பெய்ஞ்சிருக்கு! இப்ப எங்க போகணும்?"

முதலில் ஜன்னலைத் திறந்து கேளுங்கள். புதுப் பனிக்குள் நிறையக் காற்று இருப்பதால் அது ஓசையை உறிஞ்சிக்கொள்ளும். டிராம் போவதுகூட அடுத்த ஊரில் போகிற மாதிரி இருக்கும். நாலு சுவருக்குள் இருக்கும் நேரம் இல்லை இது, காபியைப் பிறகு குடிக்கலாம். பத்து மணிக்கு மேல் காலடியும் சக்கரமும் பட்டு நடுநகரம் சேறாகிவிடும். ஏழு மணிக்கே, விடியும் முன்பே, ட்யூர்க்கன்ஷான்ஸ் பூங்காவுக்குப் போய்விடுங்கள். கைப்பேசியைச் சட்டையின் உள்பையில் வையுங்கள், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். கையுறை இன்னொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், முதல் ஜோடி பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், ஏனென்றால் நீங்கள் குனிந்து அள்ளாமல் இருக்கப் போவதில்லை. என் அம்மா அறுபத்தெட்டு வயதில் அள்ளினார்கள். ஒரு கை நிறைய எடுத்து, "இட்லி மாவு மாதிரி இல்லடி, புட்டு மாவு மாதிரி இருக்கு" என்று சொல்லி, உதிர்த்து உதிர்த்துப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.